முதல் டரான்டுலா: கடையில் தந்த ஸ்டார்ட்டர் கிட் காணுமா?

ஹரோ_வாசி

வணக்கம் எல்லாருக்கும். லண்டன் ஹரோவில இருக்கிறன். வாற சனிக்கிழமை ஒரு கர்லி ஹேர் டரான்டுலா (மயிர் நிறைஞ்ச பெரிய சிலந்தி) வருது. கால் விரிச்சு அளந்தா 6 செ.மீ., வளர்ப்பில பிறந்தது, ஆணா பெண்ணா எண்டு இன்னும் தெரியாது. கடையில ஒரு ஸ்டார்ட்டர் கிட் தந்தவை. அதுக்குள்ள இருக்கிறது: 30×30×45 செ.மீ. கண்ணாடித் தொட்டி (45 உயரம், மேல் மூடி கம்பி வலை), அடியில ஒட்டுற ஹீட் மேட், முள் காட்டுற ஈரப்பதமானி, ஸ்பிரே போத்தல், தண்ணிக் கிண்ணம், அதுக்குள்ள வைக்க ஸ்பொஞ்ச், சிவப்பு பல்ப், ஒரு பை மரச்சீவல். வீட்டுக்குள்ள பகல் 21 பாகை, இரவு 18. இது காணுமோ, இன்னும் ஏதும் வாங்க வேணுமோ?

எண்காலி

தம்பி, வாங்குவதற்கு அதிகம் இல்லை. திருப்பிக் கொடுப்பதற்குத்தான் இருக்கிறது.

முதலில் தொட்டி. கர்லி ஹேர் தரையில் வாழும் சிலந்தி. ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டாரிகா பக்கத்து மண்ணில் வளை தோண்டி இருக்கும். ஆனாலும் கண்ணாடியில் ஏறத் தெரியும், ஏறினால் விழும். டரான்டுலாவின் வயிறு ஒரு மெல்லிய தோல் பை. நல்ல உயரத்திலிருந்து கல்லின் மேலோ கிண்ண விளிம்பின் மேலோ விழுந்தால் கிழியும், அதன்பிறகு பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரை உள்ள தூரம் கால் விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. உங்களுடையதற்கு 9 செ.மீ. 45 செ.மீ. தொட்டியில் அதைக் கொண்டுவர 35 செ.மீ.க்கு மேல் மண் போடவேண்டும். முன்பக்கக் கதவு திறக்கிற தொட்டி என்றால் கதவின் அடிவிளிம்புக்கு மேல் மண் போட்டதும் திறக்கும்போது காலில் கொட்டும். மரத்தில் வாழும் இனத்துக்கு அது நல்ல தொட்டி, இதற்கு இல்லை.

கம்பி வலை மூடி அடுத்த பொல்லாப்பு. கால் நுனியில் இருக்கும் இரட்டை நகம் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கி, காலை உதறிவிட்டு விழும்.

ஹீட் மேட்டை அடியில் ஒட்டவே கூடாது. காட்டில் வெயில் ஏறினால் சிலந்தி மண்ணுக்குள் இறங்கும், அங்கே குளிர்ச்சி. அடியில் சூடு வைத்தால் அந்தப் பழக்கமே அதற்கு எமன். சூடு தாங்காமல் கீழே கீழே போகும், கீழேதான் அடுப்பு. உங்கள் வீட்டு 18–21 பாகை போதும். வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பொஞ்ச் பாக்டீரியாப் பண்ணை. சிவப்பு பல்ப் காற்றைக் காயவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மரச்சீவலில் வளை நிற்காது. தேவதாரு, பைன் சீவலாக இருந்தால் அதன் எண்ணெய்யே நஞ்சு. முள் காட்டும் ஈரப்பதமானி பெரும்பாலும் தன் மனதுக்குத் தோன்றியதைத்தான் காட்டும். ஸ்பிரே போத்தல் சன்னல் துடைக்க உதவும்.

ஹரோ_வாசி

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. :) அப்ப கிட்டில மிஞ்சிறது என்ன?

எண்காலி

மன்னிக்கவும் தங்கச்சி. கிண்ணம் மிஞ்சும். அதுவும் ஸ்பொஞ்ச் இல்லாமல்.

மண்வளை

தொட்டிக்குப் பதிலாக, பக்கங்களில் கிளிப் பூட்டு உள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். 30×20 அடி, 18 உயரம் இருந்தால் இந்தச் சிலந்திக்கு ஒரு வருடமாவது போகும். 10 செ.மீ. மண் அழுத்திப் போட்டால் மேலே 8 செ.மீ. மிஞ்சும். எண்காலி சொன்ன 9க்குள் வந்துவிடுகிறது. கிளிப் இல்லாத மூடியை நம்பாதீர்கள், டரான்டுலா நெம்பித் திறக்கும்.

காற்றுத் துளை: சூடாக்கிய ஊசி அல்லது சால்டரிங் அயர்ன் நுனியால், வெளியில், காற்றோட்டமான இடத்தில் வைத்துப் போடுங்கள். 2 மி.மீ. போதும். ஒரு நீளப் பக்கத்தில் மண் மட்டத்துக்குச் சற்று மேலே 15 துளை, எதிர்ப்பக்கத்தில் மூடிக்குக் கீழே 15 துளை. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று சரியாகக் குறுக்கே ஓடாது. மூடியில் மட்டும் துளை போட்டால் மண்ணுக்கு மேலே ஈரக்காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். உள்ளே துருத்தும் பிளாஸ்டிக் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

மண்: 30×20×10 என்றால் 6 லிட்டர், அழுத்திய பிறகு. உதிரியாக 8 முதல் 9 லிட்டர் தேவைப்படும். 650 கிராம் தேங்காய்த் தும்புத்தூள் கட்டி ஒன்றை 4 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 8 லிட்டர் வரும். அதில் 6 லிட்டர் எடுத்து, உரம் கலக்காத மேல்மண் 3 லிட்டர் சேருங்கள். இரண்டுக்கு ஒன்று. தும்புத்தூள் மட்டும் போட்டால் வளை இடிந்து விழும், மேல்மண்தான் பிடிமானம். பையில் பெர்லைட், ஈரம் காக்கும் ஜெல், மெதுவாகக் கரையும் உரம் என்று எது எழுதியிருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தோட்டத்துக்கு விற்கும் தும்புத்தூள் கட்டிகளில் சிலவற்றை உப்பு எடுப்பதற்காகக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்திருப்பார்கள். வெறும் நீரில் கழுவியது அல்லது ஊர்வனவுக்கென்று விற்பது நல்லது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பலில் வந்த நம்மூர்த் தேங்காய்த் தும்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும், உள்ளே வரும் சிலந்திதான் வெளிநாடு.

ஈரம் பார்க்க: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உருண்டை நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் தட்டில் பரப்பி இரண்டு நாள் காயவிடுங்கள். பெட்டியில் 3 செ.மீ., 3 செ.மீ.யாகப் போட்டுக் கைமுஷ்டியால் அழுத்துங்கள். கடைசியில் கார்க் பட்டை அரைக்குழாய் ஒன்றை ஒரு மூலையில் சாய்வாகப் பாதி புதைத்து, அதன் கீழே மரக்கரண்டிக் காம்பால் 5 செ.மீ. ஆழம் ஒரு சரிவுத் துளை போடுங்கள். மீதியை அது தோண்டிக்கொள்ளும். தோண்டாமலும் விடலாம், கர்லி ஹேர் அந்த விஷயத்தில் தன்னிச்சைக்காரி.

பின்னல்காரி

மண்வளை சொன்னதில ஒண்டு மட்டும் சேர்க்கிறன். சனிக்கிழமை சிலந்தி வருது எண்டால் பெட்டியை இண்டைக்கே செய்து வையுங்கோ. புதுசா நனைச்ச மண்ணில விட்டால் கால் படப் பிடிக்காமல் நாலு நாள் சுவரில தொங்கிக்கொண்டு நிக்கும். மேல் 2 செ.மீ. காய்ஞ்சு, அடி ஈரமா இருக்கிறதுதான் கணக்கு.

தண்ணிக் கிண்ணத்துக்கு எதிர்மூலையில ஒரு பக்கம் மட்டும் கிழமைக்கு ஒருக்கா 50 மி.லி. அளவு சுவரோரமா ஊத்திவிடுங்கோ. எங்க நிக்கிறது எண்டதை அது தெரிஞ்செடுக்கட்டும்.

மண்வளை

இங்கே எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. 6 செ.மீ. கர்லி ஹேருக்கு ஈர மூலை கட்டாயம் இல்லை. கிண்ணம் எப்போதும் நிறைந்திருந்து, நிரப்பும்போது கொஞ்சம் வழியவிட்டால் போதும். புதிதாக வளர்ப்பவர்கள் "50 மி.லி." என்று கேட்டால் பயத்தில் 150 ஊற்றுவார்கள்.

பின்னல்காரி

அது உண்மைதான். ஆனால் லண்டனில நவம்பர் தொடங்கி மார்ச் வரைக்கும் ரேடியேட்டர் போட்ட அறையில காத்து வறண்டுபோகும். அந்த அஞ்சு மாசத்துக்கு மூலை ஈரம் வேணும், மிச்ச நாளுக்கு உங்கட முறை.

மண்வளை

சரி, ஒப்புக்கொள்கிறேன்.

எண்காலி

ஸ்பிரே ஏன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பிரே மேற்பரப்பை மட்டும் நனைக்கிறது, சில மணி நேரத்தில் காய்கிறது. சிலந்தி இருக்கும் வளைக்குள் ஒன்றும் போய்ச் சேராது. அது மட்டுமல்ல, டரான்டுலாவின் உலகமே மயிரில்தான் இருக்கிறது. எட்டுக் கண் இருந்தும் வெளிச்சம், நிழல் தாண்டிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. காற்றசைவு, அதிர்வு எல்லாம் கால் மயிர் வழியாக. அதன்மேல் திடீரென்று சாரல் அடித்தால் இரை பிடிக்கும் நிலையிலிருந்து நேரே ஓடும் நிலைக்குப் போய்விடும்.

அடையாறு_ஆலமரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் மே மாதம் 40 பாகை வரை போகிறதே, இங்கே டரான்டுலா வளர்க்க முடியுமா? ஆன்லைனில் சிலர் குட்டிகள் விற்பதாகச் சொல்கிறார்கள்.

மட்டுறுத்துநர்

வெப்பத்தை விடுங்கள், சட்டத்தை முதலில் பார்ப்போம். வெளிநாட்டு விலங்கை இந்தியாவுக்குள் கொண்டுவர வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும், உடல்நலச் சான்றுகளும் வேண்டும். 2021 ஜூலையில் போலந்திலிருந்து வந்த தபால் பொட்டலம் ஒன்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச்சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. பொட்டலம் அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்தது. பிரேக்கிபெல்மா என்ற டரான்டுலாப் பேரினமாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் பார்த்துச் சொன்னார்கள். போலந்துக்கே திருப்பி அனுப்பத் தபால்துறையிடம் கொடுத்தார்கள். அப்படிக் கடத்தி வந்ததன் மிச்சமா, வம்சமா என்று தெரியாத குட்டியை யாரோ ஆன்லைனில் விற்பதை இந்த இழையில் பேசவேண்டாம்.

பிரேக்கிபெல்மா, அதிலிருந்து பிரித்தெடுத்த கர்லி ஹேரின் பேரினம் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பட்டியல்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. வைத்திருப்பவர் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். ஹரோ_வாசிக்கும் ஒரு வார்த்தை: பிரிட்டனில் டரான்டுலாவுக்கு அபாய விலங்கு உரிமம் தேவையில்லை, ஆனால் விற்றவரின் பெயர், தேதி, "வளர்ப்பில் பிறந்தது" என்ற குறிப்போடு பற்றுச்சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு_ஆலமரம்

புரிந்தது. அப்படியானால் நம்மூர்ச் சிலந்திகளையே வைத்துக்கொள்ளலாமா? ராமேசுவரத்தில் ஒரு பெரிய சிலந்தி உண்டு என்று படித்தேன்.

எண்காலி

அதைத் தொடவே வேண்டாம். ராமேசுவரம் அனுமவிலாசம் கோயில் காட்டில் கண்டு 2004இல் பெயரிட்ட இனம், பொசிலோதீரியா என்ற டரான்டுலாப் பேரினத்தைச் சேர்ந்தது. பின்னர் மன்னாரிலும் பார்த்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆந்திராவின் குத்தி (Gooty) ரயில் நிலையத்தோடு பெயர் ஒட்டிக்கொண்ட நீலச் சிலந்தியும் அதே பேரினம்தான். 2019இல் பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். யாழ்ப்பாணப் பக்கம் புலிமுகச் சிலந்தி என்பார்களே, அதுவும் இந்த வகைதான்.

வளர்ப்பு என்ற கோணத்தில் பார்த்தாலும் தொடக்கநிலைக்கு ஆகாது. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் சுணை மயிர் இருக்கிறது. கோபம் வந்தால் பின்னங்காலால் அதைத் தேய்த்துப் பறக்கவிடும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஓட்டமும் கடியும்தான் தற்காப்பு. கர்லி ஹேர் கடித்தால் பெரும்பாலும் குளவி கொட்டிய அளவில் நிற்கும். பொசிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விட்டு விட்டு வரும்.

ஈப்புலி_ரசிகை

அடையாறு, உங்கள் சுவரிலேயே ஆள் இருக்கிறது! டியூப்லைட் பக்கத்தில் ஈ பிடிக்கத் தாவுகிற சின்னச் சிலந்தி, நம் பழைய சொல்லில் ஈப்புலி. வலை பின்னி உட்காராது, பார்த்துப் பதுங்கித் தாவும். தலையைத் திருப்பி உங்களையே பார்க்கும். ஆயுள் ஒரு வருடம், அதிகம் போனால் ஒன்றரை. பழகிப் பார்க்க அது போதும், வேண்டாம் என்றால் அதே சுவரில் விட்டுவிடலாம்.

ஆனால் மேலே டரான்டுலாவுக்குச் சொன்னதையெல்லாம் தலைகீழாகப் படியுங்கள். பெட்டி உயரமாக வேண்டும், 10×10×15 செ.மீ. மூடி மேலே திறக்கக்கூடாது, ஏனென்றால் உச்சிமூலையில்தான் வெள்ளைத் தூளி போலக் கூடு பின்னும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் வீடு கிழியும். பக்கவாட்டில் திறக்கட்டும். மண் அவசியமே இல்லை, அடியில் ஒரு டிஷ்யூ, ஏற இரண்டு குச்சி. தண்ணீர்க் கிண்ணத்தை அது கவனிக்காது. சுவரில் ஒட்டும் துளியைத்தான் குடிக்கும், எனவே இதற்கு ஸ்பிரே வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பக்கச் சுவரில் ஒரே ஒரு அழுத்து. பகல் வெளிச்சம் கட்டாயம், ஏனென்றால் கண்ணால் வேட்டையாடுகிறது. ஆனால் நேர் வெயில் படும் சன்னலில் வைத்தால் அரைமணியில் வெந்துவிடும். இரை வாழைப்பழத்தோல் வைத்தால் வரும் பழ ஈ. பெரியதாக இருந்தால் வீட்டு ஈ. கொசுமருந்து அடித்த வீட்டு ஈ வேண்டாம்.

அடையாறு_ஆலமரம்

நன்றி. லிக்விட் கொசுவர்த்தி போட்டால்?

ஈப்புலி_ரசிகை

அந்த அறையில் சிலந்தி வேண்டாம். அந்தக் குப்பியில் இருப்பது பூச்சிக்கொல்லி. சிலந்திக்கும் பூச்சிக்கும் அது பாகுபாடு பார்க்காது.

எண்காலி

இது ஹரோவுக்கும் பொருந்தும். நாய், பூனையின் கழுத்தில் போடும் தெள்ளுமருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும், நாய்க்கு மட்டுமான சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அதைத் தடவிய கையால் பெட்டிக்குள் தொட்டால் போதும், கால்கள் ஒத்திசைவு இல்லாமல் உதறத் தொடங்கும், குடிகாரனைப்போலத் தள்ளாடும், இரையைப் பிடிக்க முடியாது. மருந்து கிடையாது. வீட்டில் பூனை இருந்தால் மருந்து போட்ட நாள் வேறொருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஹரோ_வாசி

பூனை இல்லை. சாப்பாட்டுக்கு வாறன். கடையில மீல்வார்ம் புழு ஒரு டப்பா தந்தவை. கிழமைக்கு எத்தினை? கரப்பொத்தான் குடுக்கலாமோ?

பின்னல்காரி

6 செ.மீ. ஆளுக்கு 7 நாளுக்கு ஒருக்கா ஒரு இரை. அளவு அதின்ர வயித்தின்ர நீளத்துக்கு மேல போகக்கூடாது. வளர்ந்த பிறகு 10–14 நாளுக்கு ஒருக்கா காணும். வயிறு முன்னுடலைப்போல ஒண்டரை மடங்கு அகலத்துக்கு வந்திட்டுது எண்டால் ஒரு கிழமை தாண்டிக் குடுங்கோ; ரெண்டு மடங்கு வந்தால் அது பலூன், விழுந்தால் வெடிக்கும்.

மீல்வார்ம் குடுக்கலாம், ஆனால் தலையை இடுக்கியால நசுக்கிப்போட்டுக் குடுங்கோ. இல்லாட்டி மண்ணுக்குள்ள புகுந்து, சிலந்தி தோல் உரிக்கிற நேரம் பார்த்து மேல வந்து கடிக்கும். உள்ளுக்கேயே வண்டாகவும் மாறும். சில்வண்டு நல்லது, துள்ளுறதால வேட்டைக் குணம் எழும்பும். இரைக்கெண்டு வளர்த்து விக்கிற டூபியா கரப்பொத்தான் சத்து, சத்தம் இல்லை, மணம் இல்லை. ஆனால் அதுவும் மண்ணுக்குள்ள ஒளியும், இடுக்கியால பிடிச்சு நேர காட்டுங்கோ. வீட்டுக் குசினியில பிடிச்ச கரப்பொத்தான் மட்டும் வேண்டாம். எந்த நஞ்சைத் திண்டுபோட்டு வந்ததோ.

24 மணித்தியாலத்தில சாப்பிடாட்டில் வெளியால எடுங்கோ. சாப்பிட்டு முடிஞ்சால் சப்பிப்போட்ட உருண்டை ஒண்டு கிண்ணத்துக்குப் பக்கத்தில கிடக்கும், அதையும் எடுக்க வேணும். விட்டால் பூஞ்சை, பிறகு உண்ணி, பிறகு சின்னக் கூனல் ஈ. 25 செ.மீ. நீள இடுக்கி ஒண்டு வாங்குங்கோ, பெட்டி, மண், கார்க் பட்டை தவிர நீங்கள் வாங்க வேண்டிய சாமான் அதுதான்.

கைமேல்_சிலந்தி

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். கர்லி ஹேர் மிகச் சாதுவான இனம். தினம் ஐந்து நிமிடம் கையில் எடுத்துப் பழக்கினால் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். வளர்ப்பு என்றால் தொடாமல் எப்படி?

எண்காலி

சாது என்பது சரி. அடையாளம் காணும் என்பது தவறு. கையில் அசையாமல் நிற்கும் டரான்டுலா உங்களிடம் பழகிவிட்டதாக எண்ணாதீர்கள்; சூடான, அசைகிற, மண்ணில்லாத ஒரு தரையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. அடுத்த கணம் ஓடினால் கையிலிருந்து தரை வரை ஒரு மீட்டர். பழக்கத்தால் அதற்கு இலாபம் ஒன்றுமில்லை, நட்டம் முழுவதும் அதற்கு.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சுணை மயிர் தோலில் பட்டால் அரிப்பு, செலோடேப் ஒட்டி இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். கண்ணில் பட்டால் அது முள்ளுள்ள ஊசி, கருவிழிக்குள் இறங்கும். தேய்க்காமல் நீர்விட்டுக் கழுவி அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும், போய் "டரான்டுலா மயிர்" என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும், இல்லையென்றால் சாதாரணக் கண்வலி என்று சொட்டுமருந்து தந்து அனுப்பிவிடுவார்கள். பெட்டியைத் திறக்கும்போது முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். உரித்த சட்டையிலும் பழைய மண்ணிலும் சுணை இருக்கும்.

கைமேல்_சிலந்தி

சரி சரி. பெட்டி மாற்றும்போதாவது தொடலாமா?

மண்வளை

தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் கப் ஒன்று, மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று. கப்பை முன்னால் சாய்த்துப் பிடித்து, பின்னங்காலைப் பிரஷால் மெல்லத் தொட்டால் கப்புக்குள் நடந்துவிடும். வயிற்றைத் தொடாதீர்கள், சுணை பறக்கும். இதைக் குளியல் தொட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள், வடிகாலை அடைத்துவிட்டு.

ஹரோ_வாசி

சனிக்கிழமை பார்சல் வந்த உடன என்ன செய்யிறது? அதோட தோல் உரிக்கிறதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அதுதான் எனக்குப் பெரிய பயம்.

மண்வளை

பார்சல் சுருக்கம். குளியல் தொட்டிக்குள் திறக்கவும். ஈர டிஷ்யூ சுற்றிய குழாயாக இருக்கும். மூடியைக் கழற்றி, டிஷ்யூவை இடுக்கியால் மெல்ல விரித்து, குழாயை அப்படியே பெட்டிக்குள் கார்க் பட்டையை நோக்கிப் படுக்கவைத்து மூடுங்கள். குலுக்கவேண்டாம், ஊதவேண்டாம். உங்கள் மூச்சுக்காற்று பட்டாலே அது பாயும். மறுநாள் வெறும் குழாயை எடுங்கள். ஐந்து நாள் இரை போடவேண்டாம்.

எண்காலி

தோல் உரிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் புதியவர்கள் கையால் சாகும் டரான்டுலாக்களில் பல இந்த நேரத்தில்தான் சாகின்றன.

அறிகுறி முதலில் பட்டினி. சில வாரம், சில சமயம் சில மாதம். குண்டாக இருக்கும் சிலந்தி சாப்பிடவில்லை என்றால் அது நோய் இல்லை. சுணை உதிர்ந்து வயிற்றில் வழுக்கை விழுந்திருந்தால் அந்த இடம் வெளிர்நிறத்திலிருந்து கறுப்பாகும். கீழே புதிய மயிர் தயாராகிறது. வளைவாயை மண்ணால் அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் தோண்டிப் பார்க்காதீர்கள். பிறகு பாய் விரித்ததுபோல் தரையில் நூல் பின்னி, அதன்மேல் மல்லாந்து படுக்கும்.

மல்லாந்து கிடந்தால் சாகவில்லை. செத்த சிலந்தி குப்புறக் கிடக்கும், கால்கள் உள்ளே மடங்கியிருக்கும். சிலந்தியின் காலை நீட்டும் வேலையைப் பெரிய மூட்டுகளில் உடல்நீரின் அழுத்தம்தான் செய்கிறது, மடக்குவதற்குத்தான் தசை. அழுத்தம் குறைந்தால் கால் சுருளும். அதனால் குப்புற இருந்து கால் சுருளத் தொடங்கினால் முதலில் நீர் வறட்சியைச் சந்தேகியுங்கள்: ஆழமில்லாத கிண்ணத்தில் நீர் நிரப்பி, வாய் நீரில் படும்படி முன்னுடலைக் கிண்ண விளிம்பில் வையுங்கள். வாய் நச்சுப்பல்லுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம். மூச்சு வயிற்றின் அடியில் உள்ள புத்தக நுரையீரல் வழி என்பதால் முன்பக்கம் நனைந்தால் மூழ்காது.

மல்லாந்தவளை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். புரட்டாதீர்கள், நீர் தெளிக்காதீர்கள், பெட்டியை நகர்த்தாதீர்கள். இந்த அளவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம், பெரியவர்களுக்கு அதிகம். உள்ளே சில்வண்டு இருந்தால் மட்டும் இடுக்கியால் எடுங்கள். உரித்த பிறகு நச்சுப்பல் பால்வெள்ளையாக இருக்கும், பிறகு சிவப்பு, பிறகு கறுப்பு. கறுப்பாகும் வரை, அதாவது இந்த அளவுக்கு 7 நாள், வளர்ந்தவருக்கு 14 நாள், இரை இல்லை. முன்னதாகப் போட்ட சில்வண்டு சிலந்தியைத் தின்னும். மெத்தென்ற உடலில் தற்காப்பு கிடையாது. நீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். உரிப்பு சிக்கிக்கொள்வதற்கு அடிக்கடி சொல்லும் காரணம் காற்றின் ஈரம். உண்மையில் முந்தைய வாரங்களில் சிலந்தி போதுமான நீர் குடித்திருந்ததா என்பதே முக்கியம்.

பின்னல்காரி

உரிச்ச சட்டையை எறியாதேங்கோ. காய்ஞ்சால் நொறுங்கும். ஒரு துளி பாத்திரம் கழுவுற சோப்பு விட்ட தண்ணியில அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வயித்துப் பக்கத் தோலை ரெண்டு ஊசியால விரியுங்கோ. உள்பக்கத்தில நாலு வெள்ளைத் தட்டுத் தெரியும், அது புத்தக நுரையீரல். முன்னுக்கு இருக்கிற ரெண்டுக்கும் நடுவில மடல்போல ஒரு சின்னத் திரை நிண்டால் பெண். கைபேசி கேமராவைப் பெரிசாக்கிப் பாருங்கோ. 6 செ.மீ.க்கு அநேகமாத் தெரியும்.

பெண் எண்டால் 20 வருசக் கணக்கு, உங்கட வீட்டுக் கடன் முடியிற மட்டும் இருக்கும். ஆண் எண்டால் சில வருசத்தில கடைசி உரிப்பு. முன்னங்காலில கொக்கி, உணர்கால் நுனியில குத்துச்சண்டைக் கையுறைபோல உருண்டை வரும். அதுக்குப் பிறகு ஒரு வருசம் அளவுதான், அலைஞ்சு கொண்டே இருக்கும், சாப்பிடாது. அது நோய் எண்டு நினைச்சுச் சூடேத்த வேண்டாம்.

ஹரோ_வாசி

சூடேத்தினால்? ஜனவரியில பொயிலர் நிண்டால் அறை 14க்குப் போகுமே.

எண்காலி

ஓரிரவு 14 என்றால் ஒன்றும் ஆகாது, இரை மட்டும் போடாதீர்கள், செரிக்காது. நாள்கணக்கில் என்றால் அதே மேட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருங்கள்: பெட்டியின் பக்கச் சுவருக்கு வெளியே, மண்மட்டத்துக்கு மேலே, சுவரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கும்படி. தெர்மோஸ்டாட் 24இல், அதன் உணர்கருவி மேட்டுக்கும் பெட்டிக்கும் இடையில். தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகாதீர்கள்.

ஹரோ_வாசி (சனிக்கிழமைக்குப் பிறகு)

வந்திட்டுது. குழாயை விட்டுத் தானா வெளிக்கிட்டது. மூண்டாம் நாள் கார்க் பட்டைக்குக் கீழ போய், ராவோட ராவா மண்ணை வெளியால தள்ளி, தண்ணிக் கிண்ணத்தை முழுசா மூடிவைச்சிருக்கு. கிண்ணத்தை வேற இடத்துக்கு மாத்தவோ?

மண்வளை

மாற்றவேண்டாம். வளை தோண்டுகிறது, தோண்டிய மண்ணுக்கு அதுதான் வசதியான குழி. கிண்ணத்தை இடுக்கியால் எடுத்துச் சூடுநீரில் கழுவி, நிரப்பி, அதே இடத்தில் வையுங்கள்.

நாளைக்கும் மூடும். மறுபடி கழுவுங்கள்.